அஜைல் முறையில் ஆவணம் எழுதுவதற்கு இடம் எங்கே இருக்கிறது?

கேள்வி: வைகறை

அனைவருக்கும் வணக்கம். கோயம்புத்தூரில் நூல், துணி வணிகர்களுக்கான பில்லிங் மென்பொருள் ஒன்றை உருவாக்கிப் பராமரிக்கும் ஒன்பது பேர் கொண்ட குழுவுக்கு நான் டீம் லீடாக இருக்கிறேன். அஜைல் முறைகளில் ஒன்றான ஸ்க்ரம்படி, இரண்டு வாரத்துக்கு ஒரு சுற்றாக, அதாவது ஸ்பிரிண்ட்களாக, வேலை நடக்கிறது. காலையில் நின்றபடி நடத்தும் சிறு கூட்டம் (ஸ்டாண்டப்), செய்ய வேண்டிய வேலைகளின் பட்டியல் (பேக்லாக்), ஸ்பிரிண்ட் முடிவில் திரும்பிப் பார்க்கும் கூட்டம் (ரெட்ரோ) எல்லாம் ஒழுங்காகவே போகின்றன. விக்கியில் கிடக்கும் பழைய பக்கங்களைத் தவிர, ஆவணம் என்று சொல்லத்தக்கது மட்டும் எங்களிடம் ஏறத்தாழ ஒன்றுமில்லை.

சென்ற மாதம் நடந்ததைச் சொன்னால் என் கவலை புரியும். எங்கள் மென்பொருளில், சரக்கின் மதிப்பு எவ்வளவுக்கு மேல் போனால் இ-வே பில் (சரக்கை வண்டியில் அனுப்ப இணையத்தில் எடுக்கும் ஜி.எஸ்.டி. சீட்டு) எடுக்க வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் ஒரு சிறு பகுதி உண்டு. அனுப்புபவர், பெறுபவர் இருவரின் மாநிலக் குறியீடும் 33 ஆக, அதாவது தமிழ்நாடாக, இருந்தால் 1,00,000, மற்றபடி 50,000 என்று அதில் எழுதியிருந்தது. அதற்கு மேல் ஒரு விளக்கமும் இல்லை. புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவர் வேறொரு வேலைக்காக அந்தக் கோப்பைத் திறந்திருக்கிறார். மத்திய விதியில் 50,000 என்றுதான் இருக்கிறது என்பதைப் படித்துப் பார்த்து, 1,00,000 என்பது யாரோ தவறாக எழுதி, பிறகு யாரும் கவனிக்காமல் விட்ட பிழை என்று முடிவு செய்து, திருத்திவிட்டார். நிரலைத் தானாகச் சோதிக்கும் டெஸ்ட் ஒன்று தோற்றது. அந்த டெஸ்டிலும் 1,00,000 என்ற எண் இருந்ததே தவிர, ஏன் அந்த எண் என்று இல்லாததால், அதையும் 50,000 ஆக்கினார். நான் அந்த வாரம் விடுப்பில் இருந்தேன். ரிவ்யூ செய்த இருவருக்கும் அனுபவம் குறைவு, அவர்களுக்கும் அது நியாயமான திருத்தமாகவே தெரிந்திருக்கிறது.

திங்கட்கிழமை காலை ஒன்பதரை மணிக்குத் திருப்பூரிலிருந்து முதல் அழைப்பு வந்தது. ஈரோட்டுக்குப் போக வேண்டிய 72,000 ரூபாய் நூல் மூட்டைகள் வண்டியில் ஏற்றிக் கட்டப்பட்டுவிட்டன, ஆனால் இ-வே பில் எண் இல்லாமல் பில்லை அச்சிட மென்பொருள் மறுக்கிறது என்றார்கள். மதியத்துக்குள் பழைய எண்ணை மீட்டுவிட்டோம். அதற்குள் எத்தனையோ கோடவுன் வாசல்களில் ஓட்டுநர்கள் காத்து நின்றார்கள்.

அந்தப் பகுதியை எழுதியவர் வேலையை விட்டுப் போய் இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. நோட்டீஸ் பீரியடில் அவர் கொடுத்த கே.டி. (தனக்குத் தெரிந்ததை அடுத்தவருக்குச் சொல்லிக்கொடுப்பது) ஆறு மணி நேர வீடியோ பதிவாக இருக்கிறது. அதை முழுவதும் பார்த்தவர் எங்கள் குழுவில் ஒருவர்கூட இல்லை.

ரெட்ரோவில் ஆவணம் எழுத வேண்டும் என்று நான் சொன்னதும், இரண்டு மூத்த டெவலப்பர்கள், “ஆவணத்தைவிட இயங்கும் மென்பொருளே முக்கியம் என்பதுதான் அஜைல், ஆவணம் எழுதத் தொடங்கினால், எல்லாவற்றையும் முன்கூட்டியே எழுதி முடித்துவிட்டு வேலை செய்யும் பழைய வாட்டர்ஃபால் முறைக்கே திரும்பிவிடுவோம்” என்கிறார்கள். நிர்வாகமோ இந்தச் சம்பவத்துக்குப் பிறகு முழு வடிவமைப்பு ஆவணத்தை மூன்று மாதத்துக்குள் கேட்கிறது. இரண்டுமே எனக்குச் சரியாகப் படவில்லை. ஆவணம் எழுதாதே என்று அஜைல் உண்மையிலேயே சொல்கிறதா? எழுதுவதென்றால் எதை எழுதுவது, எதை விடுவது? அந்த நேரத்தை ஸ்பிரிண்டுக்குள் எப்படி ஒதுக்குவது? அனுபவம் உள்ளவர்கள் விரிவாகச் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பதில்: பழைய அடுக்கு

நண்பரே, உங்கள் மூத்த டெவலப்பர்கள் சொல்லும் வாக்கியத்தில் பாதிதான் இருக்கிறது. அந்தப் பாதி நம் தொழிலுக்குச் செய்த கெடுதலை இருபது ஆண்டுகளாகப் பார்த்து வருகிறேன்.

2001ஆம் ஆண்டு பிப்ரவரி 11 முதல் 13 வரை, அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் ஸ்னோபேர்ட் என்ற பனிச்சறுக்கு விடுதியில் 17 பேர் கூடி ‘அஜைல் அறிக்கை’யை எழுதினார்கள். ‘அதைக் காட்டிலும் இதை அதிகம் மதிக்கிறோம்’ என்ற வடிவில் நான்கு வரிகள் அதில் உண்டு, அதிகம் மதிப்பது இடப்பக்கத்திலும் மற்றது வலப்பக்கத்திலும் இருக்கும். விரிவான, அனைத்தையும் உள்ளடக்கிய ஆவணங்களைக் காட்டிலும் இயங்கும் மென்பொருளை அதிகம் மதிக்கிறோம் என்பது அதில் ஒரு வரி. ‘விரிவான’ என்ற அடைமொழியை அவர்கள் வேண்டுமென்றேதான் சேர்த்தார்கள். அந்த நான்கு வரிகளின் கீழே, வலப்பக்கத்தில் உள்ளவற்றுக்கும் மதிப்பு உண்டு, ஆயினும் இடப்பக்கத்தில் உள்ளவற்றை அதிகம் மதிக்கிறோம் என்று தெளிவாகவே எழுதிக் கையொப்பமிட்டிருக்கிறார்கள். கையொப்பமிட்டவர்களில் ஒருவர் வார்டு கன்னிங்ஹாம். 1995இல் உலகின் முதல் விக்கியை உருவாக்கியவரே அவர்தான். பலர் சேர்ந்து எளிதாக எழுதவும் திருத்தவும் ஒரு கருவியைச் செய்துகொடுத்த மனிதர், ஆவணமே வேண்டாம் என்று கையொப்பமிட்டிருப்பார் என்று நினைக்க முடியுமா?

ஆனால் அவர்களுடைய கோபம் எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் உங்கள் நிர்வாகம் கேட்பது அந்தக் கோபத்துக்குக் காரணமான அதே பொருளைத்தான். அமெரிக்கப் பாதுகாப்புத் துறை 1985இல் 2167 என்ற தரவிதியைக் கொண்டுவந்து 1988இல் திருத்தி வெளியிட்டது. ஒவ்வொரு கட்டத்திலும் இன்னின்ன ஆவணம் ஒப்படைக்கப்பட வேண்டும் என்று அது வகுத்தது. 1994 டிசம்பரில் அதற்குப் பதிலாக வேறு தரவிதி வரும்வரை அதுவே நடைமுறை. ராணுவத்துக்கு வேலை செய்யாத நிறுவனங்களிலும் அந்தப் பழக்கம் பரவியிருந்தது.

நான் 1993இல் வேலைக்குச் சேர்ந்த இடத்தில் தேவைக் குறிப்பு, மேல்நிலை வடிவமைப்பு, கீழ்நிலை வடிவமைப்பு, சோதனைத் திட்டம் என்று ஒவ்வொன்றும் ஒரு தடித்த பைண்டராக இரும்பு பீரோவில் இருக்கும். முதல் பக்கம் கையொப்பப் பக்கம், அதில் ஏழு கட்டங்கள். ஏழாவது கையொப்பம் விழும்வரை ஒரு வரி நிரல்கூட எழுதக் கூடாது. வாடிக்கையாளர் ஒரு திரையில் ஒரு புலத்தைச் சேர்க்கச் சொன்னால் நான்கு பைண்டர்களைத் திருத்த வேண்டும். அதனால் முதல் ஆண்டில் நான்கையும் திருத்தினோம், இரண்டாம் ஆண்டில் ஒன்றை மட்டும் திருத்தினோம், மூன்றாம் ஆண்டில் பீரோவைத் திறப்பதையே விட்டுவிட்டோம். புதிதாக வந்தவர்களோ அந்தப் பைண்டர்களை நம்பிப் படித்து ஏமாந்தார்கள்.

பராமரிக்கப்படாத, யாரும் படிக்காத நூற்றுக்கணக்கான பக்கங்களைத்தான் அந்த 17 பேர் வேண்டாம் என்றார்கள். மூன்று மாதத்தில் முழு வடிவமைப்பு ஆவணம் என்று நிர்வாகம் கேட்டால், அது எழுதி முடிக்கப்படும் நாளிலேயே அதன் முதல் அத்தியாயம் பழையதாகிவிட்டிருக்கும் என்பதை அவர்களிடம் தயங்காமல் சொல்லுங்கள்.

பதில்: நிரலன்

மேலே ஐயா சொன்ன வரலாற்றை ஏற்கிறேன். ஆனாலும் உங்கள் மூத்த டெவலப்பர்கள் பக்கத்தில் நின்று ஒன்று சொல்ல விரும்புகிறேன்.

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பதை நான் ஒரு நள்ளிரவில் கற்றுக்கொண்டேன். முன்பு வேலை பார்த்த இடத்தில் எங்கள் விக்கியில் அறுநூறுக்கு மேற்பட்ட பக்கங்கள் இருந்தன. தரவுத்தளம் ஒன்று நின்றுபோன இரவில் அதன் மாற்றுச் சர்வரின் முகவரியைத் தேடினேன். மூன்று பக்கங்கள் கிடைத்தன, மூன்றிலும் மூன்று முகவரிகள். எது சரி என்று கண்டுபிடிக்க நாற்பது நிமிடம் ஆயிற்று. அந்தப் பக்கங்களே இல்லாதிருந்தால் நேராகச் சர்வரின் அமைப்புக் கோப்பைத் திறந்து ஐந்து நிமிடத்தில் பார்த்திருப்பேன். ஆவணம் இல்லை என்றால், இல்லை என்பதாவது நமக்குத் தெரியும். தவறான ஆவணம் இருக்கும்போது தெரியாததைத் தெரிந்ததாக நினைத்துக்கொள்கிறோம்.

டென்மார்க்கைச் சேர்ந்த பீட்டர் நார் 1985இல் எழுதிய கட்டுரை ஒன்றை உங்கள் குழு சேர்ந்து படிக்க வேண்டும் என்பேன். நிரல் எழுதுவது என்பது அடிப்படையில் அதை எழுதுபவர்களின் மனத்தில் ஒரு கோட்பாடு உருவாவது என்கிறார் அவர். உலகின் இந்தப் பகுதி இப்படி இயங்குகிறது, அதனால் நிரல் இப்படி அமைந்திருக்கிறது என்ற அந்தப் புரிதலை ஆவணங்களால் முழுமையாகக் கடத்த முடியாது, அந்தப் புரிதல் உள்ளவர்கள் எல்லாரும் போய்விட்டால் அந்த நிரல் இறந்ததற்குச் சமம் என்பது அவர் வாதம். புதியவர் பழையவரோடு உட்கார்ந்து வேலை செய்வதுதான் வழி. உங்கள் தம்பியை ஒரே ஒரு நாள் திருப்பூர் கோடவுனுக்கு அழைத்துப் போயிருந்தால், தமிழ்நாட்டுக்குள் ஒரு இலட்சம் வரை இ-வே பில் தேவையில்லை என்பதை அங்கே சுமை ஏற்றுபவரே சொல்லியிருப்பார்.

இன்னொன்று. அந்த டெஸ்டின் பெயர் என்னவாக இருந்தது? ‘வரம்பு சோதனை 2’ என்பது போல இருந்திருக்கும் என்று ஊகிக்கிறேன். ‘தமிழ்நாட்டுக்குள் அனுப்பும் சரக்குக்கு ஒரு இலட்சம் வரை இ-வே பில் கேட்கக் கூடாது’ என்று பெயர் வைத்திருந்தால் அவர் கை அந்த எண்ணைத் தொட்டிருக்காது. நிரலோடு பிறந்து நிரலோடு சாகும் எழுத்து அது. தனியாக ஒரு ஆவணம் எதற்கு?

பதில்: ஏட்டுச்சுவடி

வணக்கம். நான் பதினாறு ஆண்டுகளாகத் தொழில்நுட்ப எழுத்தாளராக இருக்கிறேன். அதில் பத்து ஆண்டுகள் ஸ்க்ரம் குழுக்களுக்குள்ளேயே உட்கார்ந்து வேலை செய்திருக்கிறேன். நிரலன் தம்பி சொன்ன டெஸ்ட் பெயர் மிகச் சரியான மருந்து, அதை இன்றே செய்யுங்கள். ஆனால் அந்த மருந்து எட்டாத ஓரிடம் இருக்கிறது. டெஸ்ட் ‘என்ன’ என்பதைச் சொல்லும். நல்ல பெயர் வைத்தால் ‘எப்போது’ என்பதையும் சொல்லும். ‘ஏன் இப்படி, ஏன் வேறுவிதமாக இல்லை, எது மாறினால் இதை மாற்ற வேண்டும்’ என்பதை எந்த டெஸ்டும் சொல்லாது.

இதற்கு நான் எப்போதும் எடுத்துக்காட்டும் நிகழ்ச்சி ஏரியன் 5. 1996 ஜூன் 4 அன்று பிரெஞ்சு கயானாவின் கூரூவிலிருந்து முதல் முறையாகப் பறந்த அந்த ஏவூர்தி, பயண வரிசை தொடங்கி சுமார் 40 விநாடிகளில் பாதை விலகி வெடித்துச் சிதறியது. ஏரியன் 4இல் நன்றாக இயங்கிய வழிகாட்டிக் கருவியின் மென்பொருளை அப்படியே எடுத்துப் பயன்படுத்தியிருந்தார்கள். கிடைமட்ட வேகம் தொடர்பான 64 பிட் தசம எண் ஒன்றை 16 பிட் முழு எண்ணாக மாற்றும் இடத்தில், ஏரியன் 5இன் வேகத்துக்கு அந்த எண் கொள்ளளவைத் தாண்டியது. கருவி நின்றது. அதே மென்பொருள் ஓடிய மாற்றுக் கருவியும் அதே காரணத்தால் நின்றது.

பலரும் இதை எண் மாற்றப் பிழை என்று சொல்லி முடித்துவிடுவார்கள். விசாரணைக் குழு அதே ஆண்டு ஜூலையில் கொடுத்த அறிக்கையில் எழுத்தாளர்கள் கவனிக்க வேண்டிய பகுதி வேறு. அப்படிப் பிழை ஏற்படக்கூடிய மாறிகள் ஏழு இருந்தன. கணினியின் வேலைச்சுமை 80 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்ற இலக்குக்காக அவற்றில் நான்குக்கு மட்டும் பாதுகாப்பு எழுதி மூன்றை விட்டார்கள். அந்த மூன்றும் எல்லை தாண்ட வாய்ப்பில்லை என்று திட்டத்தில் பங்கேற்ற பல தரப்பினரும் சேர்ந்தே ஒப்புக்கொண்டிருந்தார்கள். ஏரியன் 4க்கு அது உண்மையும்கூட. ஆனால் அந்தக் காரணம் நிரலில் எங்கும் எழுதப்படவில்லை. அத்தனை பெரிய திட்டத்தின் ஆவணக் குவியலுக்குள் அந்த அனுமானம், யாரும் வேண்டுமென்று மறைக்காமலேயே, வெளியிலிருந்து பார்ப்பவர் கண்ணுக்குப் படாமல் போய்விட்டது என்று அறிக்கை சொல்கிறது.

இதை மெதுவாக இரண்டு முறை படியுங்கள். ஆவணம் குறைவாக இருந்ததால் அது நடக்கவில்லை. ஆவணம் மிகுதியாக இருந்தது. தேவைப்பட்ட ஒரு வாக்கியம் மட்டும், தேவைப்பட்டவர் கண் படும் இடத்தில் இல்லை. வைகறை, உங்கள் 1,00,000 என்பதும் அளவில் சிறியதே தவிர அதே வகைதான்.

நம் மரபில் நூற்பாவும் உரையும் இருந்த விதத்தை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். நூற்பா சுருக்கமாக இருக்கும், அது அப்படித்தான் இருக்க வேண்டும். உரையாசிரியர் நூற்பாவை வேறு சொற்களில் திரும்பச் சொல்வதோடு நிறுத்துவதில்லை. இச்சொல் ஏன் இங்கே வந்தது, இது கூறாதொழியின் என்ன குற்றம் நேரும் என்று சொல்கிறார். நிரலைத் திரும்பச் சொல்லும் ஆவணம் வீண். நிரலுக்கு உரை சொல்லும் ஆவணம்தான் தேவை.

அதற்கு இப்போது பரவலாக இருக்கும் வடிவம், மைக்கேல் நைகார்டு என்பவர் 2011 நவம்பரில் எழுதிக் காட்டிய முடிவுப் பதிவு. ஒரு முடிவுக்கு ஒரு கோப்பு, ஒன்று அல்லது இரண்டு பக்கம். தலைப்பு, நிலை, சூழல், முடிவு, விளைவுகள் என ஐந்தே பகுதிகள். அந்தக் கோப்பு நிரல் இருக்கும் களஞ்சியத்துக்குள்ளேயே, வரிசை எண்ணோடு இருக்கும். பிறகு முடிவு மாறினால் பழைய பதிவை அழிப்பதில்லை. அதன் நிலையை ‘இன்ன எண் பதிவால் மாற்றப்பட்டது’ என்று திருத்தி, புதிய பதிவு ஒன்றை எழுதுகிறோம். ‘சூழல்’ என்ற பகுதியை எழுதும்போதுதான் பாதிப் பேருக்குத் தாங்கள் எடுத்த முடிவு தவறென்று தெரியவரும், இதை நான் பலமுறை பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன்.

எதை எழுதுவது என்று கேட்டீர்கள். யார் படிக்கப் போகிறார் என்று பெயர் சொல்ல முடியாத எதையும் எழுதாதீர்கள். உங்களுக்கு மூன்று வாசகர்கள் இருக்கிறார்கள். அடுத்த மாதம் சேரப்போகும் டெவலப்பர் ஒருவர், அவருக்கு முடிவுப் பதிவுகளும், மென்பொருளின் பெரிய பகுதிகள் ஒன்றோடொன்று எப்படிப் பேசுகின்றன என்ற ஒரே ஒரு படமும் போதும். இரவு இரண்டு மணிக்கு ஆன்-கால் அழைப்பை எடுப்பவர் ஒருவர், அவருக்கு ரன்புக் வேண்டும். அதில் விளக்கமே கூடாது, கட்டளைகளும் அவற்றைத் தட்டினால் திரையில் என்ன வர வேண்டும் என்பதும் மட்டும்தான். தூக்கக் கலக்கத்தில் இருப்பவருக்கு நீண்ட பத்தி எழுதுவது அநியாயம். மூன்றாமவர் கோடவுனில் பில் போடும் கணக்கர், அவருக்கான கையேட்டை அவர் அருகில் உட்கார்ந்து அவர் தடுமாறும் இடத்தைப் பார்த்துத்தான் எழுத முடியும். நிரலன் தேடிய சர்வர் முகவரி போன்றவற்றைக் கையால் எழுதவே கூடாது. நிரலிலிருந்தோ அமைப்புக் கோப்பிலிருந்தோ கருவி தானாக எடுத்துத் தர வேண்டும். கையால் எழுதிய முகவரி அன்றே அழுகத் தொடங்கிவிடும்.

நேரம் எங்கே என்ற கேள்விக்கு என் பதில், தனி நேரம் ஒதுக்காதீர்கள் என்பதுதான். ‘ஆவணம் எழுதுதல்’ என்று தனியாக ஒரு ஸ்டோரி (பேக்லாக்கில் ஒரு வேலை) போட்டால், ஸ்பிரிண்ட் இறுகும்போது முதலில் தள்ளிவைக்கப்படுவது அதுவாகத்தான் இருக்கும். ஸ்க்ரமில் ‘முடிந்தது’ என்பதற்கு ஒரு வரையறை உண்டல்லவா, அதற்குள் இதைக் கொண்டுவாருங்கள். காரணம் எழுதப்படாத மாற்றம் இன்னும் முடியாத மாற்றம். நிரலும் அதன் உரையும் ஒரே புல் ரிக்வெஸ்டில் (மாற்றத்தைச் சேர்க்கச் சம்மதம் கேட்கும் கோரிக்கை) வந்து, ஒரே ரிவ்யூவில் படிக்கப்பட்டால், அதற்கு ஆகும் நேரம் பெரும்பாலும் பத்து நிமிடத்தைத் தாண்டாது, ஏனென்றால் எழுதுபவர் மனத்தில் அந்தக் காரணம் அப்போது சூடாக இருக்கிறது. ஆறு மாதம் கழித்து அதையே எழுத ஒரு நாள் வேண்டும், இரண்டு ஆண்டு கழித்து உங்களுக்கு நேர்ந்ததுபோல முடியாமலேயே போகும்.

பதில்: அளவுகோல்

ஒரு சிறு சேர்க்கை. நான் மருத்துவக் கருவி மென்பொருளைச் சோதிக்கும் பிரிவில் இருக்கிறேன். 2006இல் வெளியான ஐ.ஈ.சி. 62304 தரவிதிக்கு நாங்கள் உட்பட்டவர்கள். பிழையால் நோயாளிக்கு நேரக்கூடிய தீங்கைப் பொறுத்து மென்பொருள் ஏ, பி, சி என்று மூன்று வகுப்புகளாகப் பிரிக்கப்படும். வகுப்பு உயர உயர எழுதி வைக்க வேண்டியவையும் கூடும். அந்தத் தரவிதி வாட்டர்ஃபால் முறையைக் கட்டாயமாக்கவில்லை என்பது பலருக்குத் தெரியாது. நாங்கள் ஸ்பிரிண்ட்களாகவே வேலை செய்கிறோம். ஒவ்வொரு தேவைக்கும் ஒரு எண், அந்த எண்ணைச் சுட்டும் டெஸ்ட், அந்த டெஸ்டின் முடிவு என்ற சங்கிலியை ஒவ்வொரு ஸ்பிரிண்ட் முடிவிலும் கருவியே தொகுத்துத் தருகிறது. ஆண்டிறுதியில் தணிக்கைக்கு முன் உட்கார்ந்து மொத்தமாக எழுதிய காலம் ஒன்றும் எங்களுக்கு இருந்தது. அப்போது எழுதியவை எங்களுக்கே புரியவில்லை.

நார் சொன்னது உண்மைதான், ஆனால் எங்கள் கருவி பதினைந்து ஆண்டுகள் மருத்துவமனையில் இருக்கும். எங்கள் குழுவில் பதினைந்து ஆண்டுகள் இருப்பவர் யாருமில்லை.

வைகறை (ஆறு வாரங்களுக்குப் பிறகு)

பதில் எழுதிய அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. மூன்று ஸ்பிரிண்ட்கள் முடிந்திருக்கின்றன. என்ன செய்தோம் என்பதை இங்கே சொல்வது என் கடமை.

முழு வடிவமைப்பு ஆவணம் வேண்டாம் என்பதற்கு நிர்வாகத்தின் சம்மதத்தை வாங்கினேன். பழைய அடுக்கு ஐயா எழுதிய பீரோ கதையை அப்படியே வாசித்துக் காட்டினேன், அதுதான் வேலை செய்தது. விக்கியில் இருந்த பழைய பக்கங்களை மொத்தமாக ஒரு காப்பறைக்கு மாற்றிவிட்டோம். இதுவரை அவற்றிலிருந்து நான்கே நான்கு பக்கங்களைத்தான் யாரோ கேட்டுத் திரும்ப எடுத்திருக்கிறோம். டெஸ்ட்களுக்கு நிரலன் சொன்னபடி முழு வாக்கியமாகவே பெயர் மாற்றி வருகிறோம்.

முதல் முடிவுப் பதிவை அந்தத் தம்பியையே எழுதச் சொன்னேன். அவர் ஆங்கிலத்தில் எழுதியதன் தமிழ் வடிவம் இது.

*பதிவு 1. தமிழ்நாட்டுக்குள் செல்லும் சரக்குக்கு இ-வே பில் வரம்பு 1,00,000 ரூபாய்.*
*நிலை: ஏற்கப்பட்டது.*
*சூழல்: மத்திய ஜி.எஸ்.டி. விதி 138இன்படி பொதுவான வரம்பு 50,000 ரூபாய். மாநிலத்துக்குள் நடக்கும் போக்குவரத்துக்கு மாநில அரசு வேறு வரம்பு வைத்துக்கொள்ளலாம். தமிழ்நாடு 2018 ஜூன் 2 முதல் 1,00,000 ரூபாய் என்று வைத்திருக்கிறது.*
*முடிவு: அனுப்புபவர், பெறுபவர் இருவரும் குறியீடு 33க்குள் இருந்தால் 1,00,000 என்றும், மற்ற எல்லாவற்றுக்கும் 50,000 என்றும் கொள்கிறோம்.*
*விளைவுகள்: வேறு மாநில வணிகர் வாடிக்கையாளராக வந்தால் அம்மாநிலத்தின் உள்வரம்பைப் பார்த்துச் சேர்க்க வேண்டும். இந்த இரண்டு எண்களையும் அரசு அறிவிப்பைப் பார்க்காமல் மாற்றக் கூடாது.*

விளைவுகள் என்ற பகுதியை எழுதும்போதுதான், கேரளத்தில் உள்ள இரண்டு வாடிக்கையாளர்களுக்கு அவர்கள் மாநில உள்வரம்பை நாங்கள் சரிபார்த்ததே இல்லை என்பது அவருக்குத் தோன்றியது. அது இப்போது பேக்லாக்கில் மேலே இருக்கிறது.

புல் ரிக்வெஸ்டின் முன்மாதிரிப் படிவத்தில் ஒரே ஒரு கேள்வியைச் சேர்த்திருக்கிறோம்: “இந்த மாற்றத்தின் காரணம் நிரலைப் படித்தாலே தெரியுமா? தெரியாதெனில் எங்கே எழுதியிருக்கிறீர்கள்?” முதல் இரண்டு ஸ்பிரிண்ட்களில் நன்றாக நடந்தது. மூன்றாவதில் மாத இறுதி ரிலீஸ் நெருக்கடியில் இரண்டு மாற்றங்கள் ‘தெரியும்’ என்ற ஒற்றைச் சொல்லோடு உள்ளே போய்விட்டன. அவற்றில் ஒன்றுக்குச் சம்மதம் கொடுத்தது நான்தான். அவற்றை இப்போது எழுதிச் சேர்த்துவிட்டோம்.

இன்னொன்றும் செய்தோம். நிரலில் விளக்கமின்றி நிற்கும் எண்களைத் தேடியபோது பதினொன்று கிடைத்தன. வேலையை விட்டுப் போன பழைய சகாவை அழைத்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்கே போய்க் கேட்டேன். ஏழுக்குக் காரணம் சொன்னார், நான்கு அவருக்கே நினைவில்லை. அந்த நான்குக்கும் ‘காரணம் தெரியவில்லை, வணிகரிடம் கேட்காமல் மாற்றக் கூடாது’ என்று பதிவு எழுதி வைத்திருக்கிறோம். அப்படி எழுதலாமா என்று முதலில் தயங்கினோம், ஆனால் உண்மை நிலை அதுதான்.

அந்த நான்கில் ஒன்றை இங்கே கேட்கிறேன், யாருக்காவது தோன்றினால் சொல்லுங்கள். பில் எண்ணை உருவாக்கும் இடத்தில், வரிசைப் பகுதி 13 எழுத்துகளைத் தாண்டினால் பிழை காட்டும்படி இருக்கிறது. திரையில் இன்னும் நிறைய இடம் இருக்கிறது, தரவுத்தளப் புலத்தின் நீளம் 30. ஏன் 13?

பதில்: பழைய அடுக்கு

அந்த வரிசைப் பகுதிக்கு முன்னால் கிளைக்கென்று ஏதாவது குறியீடு ஒட்டுகிறீர்களா? ஜி.எஸ்.டி. விதி 46இன்படி பில் எண் மொத்தம் 16 எழுத்துகளுக்கு மேல் போகக் கூடாது.

வைகறை

ஆம் ஐயா. கிளைக் குறியீடு மூன்று எழுத்து. வேறொரு கோப்பில் ஒட்டப்படுவதால் எங்களுக்குத் தோன்றவே இல்லை. இப்போதுதான் அந்தப் பதிவைத் திருத்தி எழுதி, தம்பியிடம் ரிவ்யூவுக்குக் கொடுத்திருக்கிறேன். இன்னும் மூன்று எண்கள் இருக்கின்றன, ஒவ்வொன்றாக இங்கே இடுகிறேன்.